30 நாள்கள் உங்களுக்கு உரியவை: முன்னாள் படைவீரரைப் பராமரிப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

என் கணவர் தமிழ் தெரிந்தவர் என்பதால், ராணுவத்துக்குத் தேவையான மொழிகள் தெரிந்த வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொண்ட மாவ்னி திட்டத்தின் வழியே அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவர். ஆப்கானிஸ்தானில் குண்டுவெடிப்பில் தலையில் அடிபட்டுத் திரும்பினார். பதினோரு ஆண்டுகளாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். முதல் நான்கு ஆண்டுகளில் ஒரு நாள்கூட ஓய்வு எடுக்கவில்லை. அந்தத் தவறு இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

டல்லாஸ் வாசகி: அக்கா, ரெஸ்பிட் கேர் என்றால் என்ன?

நீங்கள் ஓய்வெடுக்கும் நேரத்தில் உங்கள் பொறுப்பை வேறொருவர் ஏற்பது. முன்னாள் படைவீரர் துறையில், அதாவது வி.ஏ.வில், பதிவு செய்தவருக்குப் பராமரிப்புத் தேவை இருந்தால் ஆண்டுக்கு 30 நாள்கள் வரை கிடைக்கலாம். உதவியாளர் வீட்டுக்கு வரலாம், பகல்நேர மையத்தில் விடலாம், வி.ஏ. பராமரிப்பு இல்லத்தில் சில நாள்கள் தங்கவும் வைக்கலாம். கணக்கு ஜனவரியில் புதிதாகத் தொடங்கும். ஆகவே டிசம்பர்வரை சேமித்து வைக்காதீர்கள்.

சான் டியாகோ வாசகி: இவருக்கு ஊன மதிப்பீடு 40 சதவீதம்தான். 70 வேண்டும் என்கிறார்களே?

இந்தக் குழப்பத்தால் கேட்காமலே இருந்துவிடுபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். 70 சதவீதம் என்பது பராமரிப்பவருக்கு மாத உதவித்தொகை தரும் திட்டத்துக்கான நிபந்தனை. அந்த உதவித்தொகைத் திட்டம் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. முதலில் 2001 செப்டம்பர் 11க்குப் பிந்தைய வீரர்களுக்கு மட்டும் இருந்தது. 2018இல் வந்த மிஷன் சட்டத்தால் விரிந்து, 2022 அக்டோபரில் எல்லாக் காலத்து வீரர்களுக்கும் திறந்தது. ரெஸ்பிட் கேருக்கு 70 சதவீத நிபந்தனை கிடையாது. வி.ஏ. மருத்துவரிடமோ சமூகப் பணியாளரிடமோ நேரடியாகக் கேளுங்கள். பராமரிப்பவர்களுக்கான உதவி எண் 855-260-3274.

அதே வாசகி: பணம் கட்ட வேண்டுமா?

பணியால் வந்த ஊனத்துக்கு மாத இழப்பீடு வாங்குபவர் என்பதால் உங்கள் கணவருக்குக் கட்டணமில்லை. மற்றவர்களுக்கும் 12 மாதங்களில் முதல் 21 நாள்கள் இலவசம்.

ஹூஸ்டன் வாசகி: அந்நியர் யாரையும் இவர் வீட்டுக்குள் விடுவதில்லை. கதவு மணி அடித்தாலே உடல் விறைத்துவிடுகிறது. நான் எப்படி வெளியே போவது?

உதவியாளர் வந்த முதல் நாள் என் கணவர் கேரேஜில் போய் உட்கார்ந்துகொண்டார். நானும் வெளியே போகவில்லை. அந்த அம்மா என்னோடு சமையலறையில் இருந்துவிட்டுப் போனார். மூன்றாம் வாரம்தான் கேரேஜ் கதவைத் திறந்து, "காபி குடிக்கிறீர்களா?" என்று அவரிடம் கேட்டார்.

மூன்று வருகைகளில் நீங்களும் வீட்டிலேயே இருங்கள். அதன் பிறகு அரை மணி நேரம் கடைக்குப் போங்கள். ஒவ்வொரு முறையும் அதே உதவியாளர் வர வேண்டும் என்று அவரை அனுப்பும் ஏஜென்சியிடம் வற்புறுத்துங்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. எங்கள் ஃப்ரிட்ஜில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: "தூங்கும்போது தொடக் கூடாது. கட்டிலின் கால்மாட்டில் நின்று பெயர் சொல்லி எழுப்பவும். பின்பக்கமிருந்து வர வேண்டாம். குக்கர் வைப்பதற்கு முன் சொல்லிவிடவும், விசில் சத்தம் ஆகாது." இப்படி ஒரு தாளை இன்றே எழுதுங்கள். உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கும் விஷயம் உதவியாளருக்குத் தெரியாது.

நியூ ஜெர்சி வாசகி: "கட்டினவனை வேற்றாளிடம் விட்டுவிட்டு ஊர் சுற்றுகிறாயா?" என்று மாமியார் கேட்டார். அன்றிலிருந்து உதவியாளரை வரச் சொல்லவில்லை.

அம்மா, அந்தச் சொல் எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். என்னிடமும் சொன்னார்கள். ஒருநாள் தூக்கமில்லாமல் காலை மாத்திரையையும் இரவு மாத்திரையையும் நான் மாற்றிக் கொடுத்துவிட்டேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் கை நடுக்கம் நிற்க இரண்டு நாள் ஆயிற்று. சோர்ந்துபோன மனைவியால் அவருக்குத்தான் ஆபத்து. மாமியாரை ஒருநாள் உதவியாளர் வரும் நேரத்தில் வீட்டுக்கு அழையுங்கள். மகனை அவர் எப்படிக் கவனிக்கிறார் என்று கண்ணால் பார்க்கட்டும். நாளையே உதவியாளரைத் திரும்பக் கூப்பிடுங்கள்.

அட்லாண்டா வாசகர் (தந்தையைப் பராமரிப்பவர்): அனுமதி கிடைத்துவிட்டது. ஏஜென்சியில் ஆள் இல்லை என்கிறார்கள்.

இது உண்மையான குறை, தம்பி. கிராமப்புறங்களில் இன்னும் மோசம். பகல்நேர மையத்தில் இடம் உண்டா என்று விசாரியுங்கள். 'வெட்டரன் டைரக்டட் கேர்' உங்கள் பகுதியில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அதில் ஒதுக்கும் தொகையைக் கொண்டு உங்களுக்குத் தெரிந்தவரையே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். தந்தை தமிழ் மட்டும் பேசுகிறவர் என்றால் இதுதான் நல்ல வழி.

டல்லாஸ் வாசகி: முதல் நாள் வெளியே போனபோது என்ன செய்தீர்கள், அக்கா?

பட்டியல் போட்டு வைத்திருந்தேன்: பல் மருத்துவர், வங்கி, புடவைக்கு ஃபால்ஸ். நூலக வாசலில் காரை நிறுத்திவிட்டு மூன்று மணி நேரம் தூங்கினேன். வீட்டுக்கு வந்தபோது அவர் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்திருந்தார்.