ஐந்து வருடம் கழித்தும் இந்த போன் ஓடுமா?

கேள்வி: பத்து வருடமாக ஆண்ட்ராய்டு போன்தான் வைத்திருக்கிறேன். இப்போது இருப்பது அடிக்கடி தகராறு செய்கிறது. வீட்டில் பாதிப் பேர் ஐபோன் வாங்கச் சொல்கிறார்கள், மீதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். கேமரா, திரை எல்லாம் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன், பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டில் எது உண்மையிலேயே மேல்? எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: கிட்டத்தட்ட ஒரே விலையுள்ள இரண்டு போன்களை வாங்கிய புதிதில் ஒப்பிட்டால் யாருக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒரு இயங்குதளம் (போனை உள்ளிருந்து ஓட்டும் ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் போன்ற மென்பொருள்) எப்படிப்பட்டது என்பது மூன்றாவது, நான்காவது வருடத்தில்தான் வெளியே வரும். அதனால் இரண்டு விஷயங்களை முதலில் பாருங்கள். இந்த போனை எத்தனை வருடம் கவனித்துக்கொள்வார்கள்? பிடிக்காமல் போனால் என் படங்களையும் அரட்டைகளையும் எடுத்துக்கொண்டு வெளியே போக முடியுமா?

முன்பு ஒரு போன் வைத்திருந்தேன். நல்ல போன், பேட்டரிக்கும் ஒரு குறையும் இல்லை. வாங்கி ஒன்றரை வருடத்தில் அப்டேட் வருவது நின்றுவிட்டது. கொஞ்ச நாளில் வங்கிச் செயலி ‘உங்கள் சாதனத்தில் இது இயங்காது’ என்று சொல்லிவிட்டது. தயாரித்த நிறுவனத்துக்கு எழுதினேன். உங்கள் மாடல் ஆதரவுப் பட்டியலில் இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. உடையவும் இல்லை, தேயவும் இல்லை, ஆனாலும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அன்றிலிருந்து யார் போன் பற்றிக் கேட்டாலும் அப்டேட்டைப் பற்றித்தான் முதலில் பேசுகிறேன்.

ஏன் அப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் முடிவெடுப்பது சுலபம். ஐபோனில் போனும் ஆப்பிளுடையது, உள்ளே ஓடும் ஐஓஎஸும் ஆப்பிளுடையது. புதிய பதிப்பு வந்தால், ஆப்பிளின் ஆதரவுப் பட்டியலில் இருக்கும் எல்லா ஐபோன்களுக்கும் ஒரே நாளில் போய்விடும். ஆண்ட்ராய்டில் கூகுள் ஒரு பதிப்பை எழுதி வெளியிடுகிறது. குவால்காம், மீடியாடெக் போன்ற சிப் நிறுவனங்கள் அதைத் தங்கள் சிப்புக்கு ஏற்றபடி திருத்த வேண்டும். பிறகு போன் நிறுவனம் தன் சொந்த முகப்பையும் செயலிகளையும் அதன் மேல் ஏற்ற வேண்டும். இத்தனை பேரைத் தாண்டித்தான் அது உங்களிடம் வருகிறது. இடையில் ஒருவர் ‘இந்த மாடலுக்கு இனி உழைக்க முடியாது’ என்று கையை விரித்தால் கதை முடிந்தது.

கூகுளும் சும்மா இருக்கவில்லை. 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8, சிப் சார்ந்த பகுதியை மற்றதிலிருந்து பிரித்துவைத்தது. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், தளத்தின் சில முக்கியப் பகுதிகளுக்கு பிளே ஸ்டோர் வழியாகவே நேரடியாக அப்டேட் வருகிறது. இதனால் நிலைமை நிறைய மாறியிருக்கிறது. 2023 அக்டோபரில் தன் சொந்த போனான பிக்சல் 8-ஐ வெளியிட்டபோது கூகுள் 7 வருட அப்டேட் தருவதாக அறிவித்தது. 2024 ஜனவரியில் சாம்சங்கும் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கு அதே 7 வருடத்தைச் சொன்னது.

ஆப்பிளின் கதை வேறு மாதிரி. எழுத்தில் கொடுக்கும் வாக்குறுதி சிறியது, செய்து காட்டியது பெரியது. 2013-ல் வந்த ஐபோன் 5எஸ்-க்கு 2018-ன் ஐஓஎஸ் 12 வரை புதிய பதிப்புகள் கிடைத்தன. அதற்கு ஒரு பாதுகாப்பு அப்டேட் 2023 ஜனவரியில்கூட வந்தது. ஒன்பது வருடத்துக்கு மேலான போன் அது! பழைய நிலவரத்தைப் பார்த்தால் ஐபோன்தான் தெளிவாக முன்னால் நிற்கிறது. இனி வரும் வருடங்களில், எழுத்தில் தந்த 7 வருடத்தைக் காப்பாற்றினால், பிக்சலும் சாம்சங்கின் உயர்ரகமும் அதற்குச் சமமாகவே வந்துவிடும்.

சமம் என்றேனே தவிர, எல்லா ஆண்ட்ராய்டும் சமம் என்று சொல்லவில்லை. ஆண்ட்ராய்டு என்று தனியாக ஒரு போன் கிடையாது. அதே நிறுவனத்தின் உயர்ரக மாடலுக்கு 7 வருடம் கிடைக்கும், மலிவு மாடலுக்கு அதில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம். எனவே தளத்தின் பெயரை விட்டுவிட்டு மாடலின் பெயரைப் போட்டு, அப்டேட் எதுவரை என்று அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே தேடுங்கள். அங்கே மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். புதிய பதிப்புகள் எத்தனை வருடம், பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். விளம்பரத்தில் பெரிய எண்ணை மட்டும் காட்டுவார்கள். பாதுகாப்பு அப்டேட் மாதம் ஒருமுறையா, மூன்று மாதத்துக்கு ஒருமுறையா என்பதும் முக்கியம். எல்லாவற்றையும் விட, அந்த வருடங்களை நீங்கள் வாங்கிய நாளிலிருந்து எண்ண மாட்டார்கள், மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். நான்கு வருட வாக்குறுதி உள்ள மாடலை, தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று இரண்டு வருடம் கழித்து வாங்கினால் மிச்சம் இரண்டே வருடம்.

சரி, என் தீர்ப்பு. எந்த மாடல் என்று ஆராய உங்களுக்கு நேரமும் பொறுமையும் இல்லையென்றால், புதிதாக வந்த ஐபோன் எதை வாங்கினாலும் இந்த விஷயத்தில் ஏமாற மாட்டீர்கள். தேடிப் பார்த்து வாங்குபவர் என்றால் ஆண்ட்ராய்டில் அதே நிம்மதியோடு கூடுதல் சுதந்திரமும் கிடைக்கும். கோப்புகளைக் கணினிபோலக் கையாளலாம், முகப்புத் திரையையே வேறொன்றாக மாற்றிக்கொள்ளலாம், ஸ்டோருக்கு வெளியிலிருந்தும் செயலி நிறுவலாம். பத்து வருடமாக ஆண்ட்ராய்டில் பழகியவர் நீங்கள். தளத்தை மாற்றாமல், நீண்ட அப்டேட் உள்ள மாடலுக்குப் போவதே உங்களுக்குச் சரி என்று நினைக்கிறேன்.

கேள்வி: ஐபோனில் வைரஸே வராது, ஆண்ட்ராய்டில் பணம் போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: முழு உண்மை இல்லை. 2021-ல் பெகாசஸ் உளவு மென்பொருள், எதையும் அழுத்தாமலே, வந்து விழும் ஒரு ஐமெசேஜ் (ஆப்பிளின் செய்திச் சேவை) மூலம் ஐபோனுக்குள் நுழைந்ததை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஆப்பிள் அந்த ஓட்டையை அடைத்தது. அடுத்த வருடம் ஐஓஎஸ் 16-ல் இப்படிப்பட்ட தாக்குதலுக்கு வழி தரும் வசதிகளை மூடிவைக்க லாக்டவுன் மோட் என்று ஒன்றையே கொண்டுவந்தது. ஆனால் அப்படிப்பட்ட தாக்குதல் பத்திரிகையாளர்கள், அரசியல் செயல்பாட்டாளர்கள் போன்றவர்களைக் குறிவைத்து, பெரும் செலவில் நடப்பது.

சாதாரண மக்கள் பணத்தை இழப்பது வேறு வழியில். யாரோ அனுப்பிய இணைப்பை அழுத்தி, ஸ்டோருக்கு வெளியே ஒரு செயலியை நிறுவுகிறார்கள். அது ‘அணுகல்தன்மை’ அனுமதியைக் கேட்கிறது. அக்ஸசிபிலிட்டி என்று செட்டிங்ஸில் இருக்குமே, அதுதான். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் செயலிகளுக்காக வைத்த அனுமதி அது. அதைக் கொடுத்துவிட்டால் திரையில் தெரிவதையெல்லாம் அந்தச் செயலி படிக்கலாம், உங்களுக்குப் பதிலாகப் பொத்தான்களையும் அழுத்தலாம். ஓடிபி வந்ததும் எடுத்துக்கொண்டுவிடும். ஐபோனில் வெளியிலிருந்து செயலி நிறுவும் வழி பெரும்பாலான நாடுகளில் இல்லாததால் இந்தக் குறிப்பிட்ட ஏமாற்று அங்கே செல்லாது. ஆண்ட்ராய்டு 13 முதல், வெளியிலிருந்து நிறுவிய செயலிகளுக்கு இந்த அனுமதியை எளிதில் கொடுத்துவிட முடியாதபடி ஒரு தடை வைத்திருக்கிறார்கள். அந்தத் தடையை எப்படி நீக்குவது என்று போனில் ஒருவர் உங்களுக்குப் பொறுமையாகச் சொல்லித்தந்தால், உடனே இணைப்பைத் துண்டியுங்கள். போலி இணையதளத்தில் கடவுச்சொல்லைத் தட்டினால் எந்த போனும் காப்பாற்றாது.

கேள்வி: என் தகவல்களை விற்காத தளம் எது?

பதில்: கூகுளின் வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரம். ஆப்பிளின் வருமானத்தில் பெரும்பகுதி சாதன விற்பனை. யாருக்கு உங்கள் பழக்கவழக்கங்கள் அதிகம் தேவை என்பது இதிலேயே தெரிகிறது. 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5, ஒரு செயலி உங்களை மற்ற செயலிகளிலும் பின்தொடர வேண்டுமானால் உங்களிடம் கேட்டாக வேண்டும் என்று ஆக்கியது. அது நல்ல மாற்றம், அதற்காக ஆப்பிளைப் பாராட்டுகிறேன். ஆனாலும் அவர்களும் துறவிகள் இல்லை. ஐபோனின் உலாவியான சஃபாரியில் கூகுள் தேடலை இயல்பாக வைத்திருப்பதற்காக 2022-ல் மட்டும் கூகுள் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் வெளியே வந்தது. ஆப் ஸ்டோரில் ஆப்பிளே விளம்பரமும் போடுகிறது.

ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் விளம்பர அடையாள எண்ணை (விளம்பரக்காரர்கள் உங்கள் போனை அடையாளம் காணும் எண்) நீக்கிவிடலாம். இருப்பிட வரலாற்றை நிறுத்தலாம். பத்து நிமிட வேலை, இன்றைக்கே செய்யுங்கள்.

கேள்வி: ஐபோன் 15-ல் 6 ஜிபி ரேம்தான். அதைவிட விலை குறைந்த ஆண்ட்ராய்டில் 12 ஜிபி தருகிறார்களே?

பதில்: இரண்டும் நினைவகத்தைக் கையாளும் விதமே வேறு, அதனால் அந்த எண்களைத் தளம் தாண்டி ஒப்பிட முடியாது. இரண்டு ஆண்ட்ராய்டு போன்களுக்குள் ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: இந்த இரண்டு நிறுவனங்களின் பிடியே வேண்டாம் என்று இருக்கிறது. மூன்றாவதாக ஒன்று இல்லையா?

பதில்: உங்கள் மனநிலை எனக்குப் புரிகிறது, நானும் அந்த ஆசையில் இருந்தவன்தான். நடந்ததைச் சொல்கிறேன். 2012 ஏப்ரலில் விண்டோஸ் போன் தளத்தில் நோக்கியா லூமியா 900 வந்தது. அழகான போன், வேகமும் நன்றாக இருந்தது. அந்த ஜூன் மாதமே மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் போன் 8-ஐ அறிவித்தது. பழைய போன்கள் எதற்கும் அது கிடைக்காது என்று ஆனது. வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாதவர்கள் அம்போவென்று நின்றார்கள். செயலிகளோ வரவே இல்லை. யூடியூபுக்குக் கூகுள் ஒழுங்கான செயலி தராததால் 2013-ல் மைக்ரோசாஃப்ட் தானே ஒன்றை எழுதியது, கூகுள் அதை முடக்கியது. பயனர்கள் குறைவு என்பதால் செயலி எழுதுவோர் வரவில்லை. செயலி இல்லை என்பதால் பயனர்கள் வரவில்லை. அதன் வாரிசான விண்டோஸ் 10 மொபைலுக்கும் 2020 ஜனவரியோடு கடைசி அப்டேட் முடிந்தது.

பிளாக்பெர்ரியின் முடிவு இன்னும் வருத்தமானது. 2022 ஜனவரி 4-ம் தேதி அந்த நிறுவனம் தன் பழைய தளங்களுக்கான சேவைகளை நிறுத்தியது. அந்த போன்களில் இனி அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும்கூட நம்பகமாக வேலை செய்யாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டது.

ஹுவாவே 2024-ல் சீனாவில் ஆண்ட்ராய்டு செயலிகளை ஏற்காத, முழுக்கத் தன்னுடையதான ஹார்மனி ஓஎஸ் பதிப்பைக் கொண்டுவந்திருக்கிறது. சீனாவுக்கு வெளியே இருப்பவர் தினமும் நம்பியிருக்கும்படியான தளம் அல்ல அது இப்போதைக்கு. கூகுள் இல்லாமல் இருப்பதுதான் நோக்கம் என்றால் பிக்சல் போனில் கிராஃபீன் ஓஎஸ் போட்டுக்கொள்ளலாம். யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளும்படி வெளியிடப்படும் திறந்த மூல ஆண்ட்ராய்டிலிருந்து உருவான இயங்குதளம் அது, பாதுகாப்பில் மிகவும் கண்டிப்பானது. ஆனால் சில வங்கிச் செயலிகள் அதில் ஓட மறுக்கும். கையில் இரண்டாவது போன் இல்லாமல் அதில் இறங்காதீர்கள்.

கேள்வி: என் அக்காவுக்குப் பார்வை இல்லை. சாதாரண பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். முதல் ஸ்மார்ட்போன் எது வாங்கலாம்?

பதில்: 2009-ல் ஐபோன் 3ஜிஎஸ்ஸில் வாய்ஸ்ஓவர் வந்தது. விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறது என்று போனே படித்துச் சொல்லும். அதே வருடம் ஆண்ட்ராய்டிலும் டாக்பேக் வந்தது. பல வருடம் வாய்ஸ்ஓவர்தான் முன்னால் இருந்தது. இன்று இரண்டுமே நன்றாக இருக்கின்றன.

ஆனாலும் நான் ஐபோன் பக்கம்தான் சாய்கிறேன். எந்த மாடலை எடுத்தாலும் மெனு ஒரே மாதிரி, விரல் அசைவுகளும் ஒரே மாதிரி. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு நிறுவனமும் தன் முகப்பை மாற்றுவதால், ஒரு போனில் கற்றது அடுத்த போனில் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. கண் தெரிபவருக்கு அது சின்ன எரிச்சல், உங்கள் அக்காவுக்கோ முதலிலிருந்து பழக வேண்டிய வேலை. இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு. அவருக்குப் பக்கத்திலிருந்து சொல்லித்தரப் போகிறவர் டாக்பேக் நன்றாகத் தெரிந்தவர் என்றால் ஆண்ட்ராய்டே வாங்குங்கள். முதல் மாதம் ஒவ்வொரு நாளும் சந்தேகம் வரும், அப்போது உதவ ஆள் வேண்டும். வாங்கும் முன் அவர் கையிலேயே இரண்டையும் கொடுத்து, ஒரு அழைப்பு, ஒரு செய்தி, அவர் தினமும் பயன்படுத்தப்போகும் ஒரு செயலி, இந்த மூன்றையும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். முடிவு அவருடையதாக இருக்கட்டும்.

கேள்வி: ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறப்போகிறேன். எதுவும் தொலையாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: வாட்ஸ்அப்பில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கூகுள் டிரைவில் இருக்கும் வாட்ஸ்அப் பேக்கப்பை ஐபோனில் திறக்க முடியாது. ஆப்பிளின் ‘மூவ் டு ஐஓஎஸ்’ செயலி வழியாகத்தான் அரட்டைகள் போகும். அதற்கு ஐபோன் புதிதாகவோ முழுக்க ரீசெட் செய்ததாகவோ இருக்க வேண்டும். புது போனை ஆசையாகத் திறந்து எல்லாவற்றையும் அமைத்த பிறகு அரட்டையைத் தேடினால், மறுபடி அழித்துத்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும். எனவே முதல் வேலையாக அதை முடியுங்கள்.

காசு கொடுத்து வாங்கிய செயலிகள் தளம் மாறி வராது, மீண்டும் வாங்க வேண்டும். மாதச் சந்தா பெரும்பாலும் உங்கள் கணக்கோடு வந்துவிடும். கையில் சமீபத்திய சாம்சங் ஸ்மார்ட்வாட்ச் கட்டியிருந்தால் அது ஐபோனோடு சேராது. ஆப்பிள் வாட்சும் ஆண்ட்ராய்டோடு சேராது. இரண்டு நிறுவனங்களுமே உங்களைக் கட்டிவைக்கும் கயிறு இதுதான், செலவுக் கணக்கில் இதையும் சேருங்கள். இருபடிச் சரிபார்ப்புக்கு (கடவுச்சொல்லோடு ஒரு குறியீட்டையும் கேட்பது) ஆதென்டிகேட்டர் செயலி வைத்திருந்தால், புது போனில் குறியீடுகள் வேலை செய்கின்றனவா என்று ஒவ்வொரு கணக்கிலும் நுழைந்து பாருங்கள். பழைய போனை இரண்டு வாரமாவது அழிக்காமல் அலமாரியில் வைத்திருங்கள். அதை விற்கும் நாளில் முதலில் கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, அப்புறம் ரீசெட் செய்யுங்கள். கணக்கை நீக்காமல், போனை முழுதாகத் திறக்காமலே அழிக்க உதவும் ரெக்கவரி மெனு வழியாக அழித்தால், வாங்கியவர் திறக்கும்போது போன் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும்.