ரைன் நதிக்கரைச் சந்தைகளுக்குக் கடன் வாங்கிப் போகலாமா?

கேள்வி: நான் மதுரையில் தனியார் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். வயது 34. கைக்கு வரும் சம்பளம் 72,000 ரூபாய். வீட்டுச் செலவு 44,000, எஸ்ஐபி (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடும் முதலீடு) 10,000. சேமிப்புக் கணக்கில் 50,000 இருக்கிறது. அவசரத் தேவைக்கென 2 லட்சம் வைப்புநிதியில் உள்ளது. நானும் கல்லூரித் தோழிகள் மூவரும் வரும் டிசம்பர் 20 முதல் 28 வரை ஜெர்மனியில் ரைன் நதிக் கப்பலில் சென்று கிறிஸ்துமஸ் சந்தைகளைப் பார்க்கத் திட்டமிட்டிருக்கிறோம். தலைக்கு 3.5 லட்சம், இப்போதே கட்ட வேண்டும் என்கிறார் முகவர். ஒரு தோழி நால்வருக்கும் சேர்த்துக் கட்டிவிடுவாள். என் பங்கை அவளிடம் தர 3 லட்சம் தனிநபர் கடன் வாங்கலாமா, வைப்புநிதியை உடைக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். முதலில் தேதியை மாற்றுங்கள். ஜெர்மனியில் இந்தச் சந்தைகள் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களுக்கானவை. நவம்பர் கடைசியில் திறந்து, பெரும்பாலான ஊர்களில் டிசம்பர் 22, 23 வாக்கில் மூடிவிடுவார்கள். 25, 26 இரண்டும் பொது விடுமுறை. சாதாரணக் கடைகள்கூடத் திறக்காது. உங்கள் ஒன்பது நாளில் சந்தை கிடைப்பது மூன்று நாள்தான். அதுவும் விமானக் கட்டணம் உச்சத்தில் இருக்கும் வாரத்தில்! டிசம்பர் முதல் வாரம் போனால் பெரும்பாலான சந்தைகள் இருக்கும், டிக்கெட்டும் பொதுவாக மலிவு.

அடுத்தது கப்பல். பிங்கனுக்கும் கோப்லென்ஸுக்கும் இடையே கோட்டைகளும் திராட்சைத் தோட்டங்களும் நிறைந்த 65 கிலோமீட்டர் பள்ளத்தாக்கு 2002-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் டிசம்பரில் அங்கே மாலை நாலரைக்கே இருட்டிவிடும். இரவில் நகரும் கப்பலின் ஜன்னலுக்கு ஏன் இவ்வளவு விலை கொடுக்க வேண்டும்? அதே காட்சியைக் கரையோரம் ஓடும் சாதாரண ரயில் பகலில் காட்டுகிறது. ஆற்றில் தண்ணீர் மிகக் குறைந்தாலோ வெள்ளம் வந்தாலோ கப்பலின் பயணத்திட்டம் மாறலாம் என்பதையும் முகவர் சொல்லியிருக்க மாட்டார்.

மோசல் ஆறு ரைனில் கலக்கும் கோப்லென்ஸில் தங்குங்கள். தெற்கே ரூடஸ்ஹைம், மைன்ஸ், வடக்கே கொலோன் பேராலயச் சந்தை, எல்லாவற்றுக்கும் ரயிலில் போய் அன்றே திரும்பலாம். ஐந்து பேர் வரை சேர்ந்து பயணிக்கும் மாநில நாள் டிக்கெட் உண்டு. வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும். கொலோன் வேறு மாநிலம் என்பதால் அதற்கு எந்த டிக்கெட் செல்லும் என்று கேட்டு வாங்குங்கள். சந்தைக்குள் நுழையக் கட்டணமில்லை. மசாலா சேர்த்துக் காய்ச்சிய ஒயின் தரும் கோப்பைக்கு மட்டும் முன்பணம் வாங்குவார்கள். கோப்பையைத் திருப்பினால் அது திரும்பி வரும். அழகாக இருக்கிறதே என்று நால்வரும் ஊருக்கொன்று எடுத்துவந்தால் அது தனிச் செலவு.

யூரோவை 100 ரூபாயாக வைத்து நான் போட்ட உத்தேசக் கணக்கு: விமானம் 70,000, விசாவும் காப்பீடும் 14,000, அறையைப் பகிர்ந்தால் ஏழு இரவுக்கு 35,000, சாப்பாடு 28,000, ரயில் 13,000, கைச்செலவு 15,000. மொத்தம் 1.75 லட்சம். உங்களிடம் மாதம் 18,000 மிஞ்சுகிறது. ஏழு மாதத்தில் 1.26 லட்சம். கையிருப்பு 50,000-ஐச் சேர்த்தால் 1.76 லட்சம். எஸ்ஐபி நிற்கவில்லை, வைப்புநிதியும் உடையவில்லை. மாறாக, 14 சதவீத வட்டியில் 3 லட்சம் கடனை இரண்டு வருடத்தில் அடைத்தால் மாதத் தவணை 14,400. வட்டி மட்டும் சுமார் 45,700. ஊர் திரும்பிய பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஒரு தோழி மொத்தமாகக் கட்டுவதில் இன்னொரு சிக்கல். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும்) வரி பிடிக்கப்படும். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது. அதை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் யார் பெயரில், யார் பான் எண்ணில் ரசீதோ அவருக்குத்தான் அந்த வரவு. உங்கள் பங்கு வரி அவர் கணக்கில் போய்ச் சேரும். பிறகு யார் போய்க் கேட்பது? விமானம், தங்குமிடம் என்று தனித்தனியாக நீங்களே பதிவு செய்தால் தொகுப்பு என்ற பேச்சே இல்லை. அவரவர் டிக்கெட்டை அவரவரே வாங்குங்கள்.

ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 90 யூரோ. விசா மறுக்கப்பட்டாலும் திரும்பாது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பும் அறைகளை மட்டும் பதிவு செய்யுங்கள். நால்வரில் ஒருவருக்கு விசா கிடைக்காமல் போனால் அவருடைய அறைப் பங்கை யார் ஏற்பது என்பதை இந்த வாரமே பேசி, வாட்ஸ்அப் குழுவில் எழுதி வைத்துவிடுங்கள்.