ஒளியிழை லேசரில் கற்றையின் தரம்: கொழிஞ்சாம்பாறைத் தந்தை ஒருவருக்கு எழுதிய விடை

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

தங்கள் மகள் பிளஸ் டூ முடித்த கையோடு, கையில் இருக்கும் கணினிப் பொறியியல் இடத்தை விட்டுவிட்டு இயற்பியல் படிக்கப் போவதாகவும், உயர்திறன் ஒளியிழை லேசர்களில் கற்றையின் தரத்தை மேம்படுத்தும் ஆய்வில் ஈடுபடுவதே தன் நோக்கம் என்றும் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு வேலை இருக்கிறதா, எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும், பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த பெண்ணால் அதில் நிலைக்க முடியுமா என்பவை தங்கள் கேள்விகள். வேலை இருக்கிறது, காத்திருப்பு நீண்டது, தமிழ்வழிக் கல்வி தடையல்ல. இவற்றில் முதலாவதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மகள் கேட்பது என்னவென்று தங்களுக்கு விளங்கினால் மற்ற இரண்டையும் வீட்டிலேயே பேசி முடிவெடுக்கலாம்.

கஞ்சிக்கோட்டில் தாங்கள் பணிபுரியும் தகடு வெட்டும் பட்டறையில் நிற்பது ஒளியிழை லேசர்தான். அந்த இயந்திரத்தை வாங்கும்போது எல்லோரும் கேட்பது எத்தனை கிலோவாட் என்பதைத்தான். ஆனால் அதே கிலோவாட்டை எவ்வளவு சிறிய புள்ளியில் குவிக்க முடியும் என்பது வேறொரு கேள்வி. அதற்கான அளவுகோல் எம்-ஸ்கொயர் எனப்படுகிறது. அதன் மதிப்பு 1 என்பது இயற்கை அனுமதிக்கும் எல்லை. அது 2 ஆகிவிட்டால், அதே லென்ஸில், அதே அகலத்தில் விழும் கற்றை குவியும் புள்ளியின் விட்டம் இரு மடங்காகும்; அந்தப் புள்ளியில் ஒளியின் அடர்த்தி நான்கில் ஒரு பங்காகக் குறையும். இதை அளப்பதற்கான முறையை ஐ.எஸ்.ஓ. 11146 என்ற தரநிலை வகுத்திருக்கிறது.

திறனைக் கூட்டும்போது தரம் ஏன் கெடுகிறது என்பதே மகள் ஈடுபட விரும்பும் சிக்கல். ஒளியைப் பெருக்கும் இட்டர்பியம் என்ற தனிமத்தைக் கலந்த கண்ணாடி இழையின் உள்ளகம், அதாவது ஒளி செல்லும் நடுப்பகுதி, போதிய அளவு மெலிதாக இருந்தால் ஒளி ஒரே ஒரு வடிவில், அதாவது ஒரே மோடில், செல்லும். மெல்லிய உள்ளகத்தில் கிலோவாட் கணக்கில் ஒளியை அடைத்தால் ராமன் சிதறல் போன்ற நேரியலற்ற விளைவுகள் தலைதூக்கி, திறனை வேறு அலைநீளத்துக்கு இழுத்துச் சென்றுவிடும். அதற்காக உள்ளகத்தைப் பெரிதாக்கினால் உயர் மோடுகளும் உள்ளே புகுந்து கற்றையைக் குலைக்கும். இந்த இரு நெருக்கடிகளுக்கும் நடுவில் வழி காண்பதே இத்துறையினரின் அன்றாட வேலை.

மகளிடம் ஒரு கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். உள்ளகத்தின் விட்டத்தை பை-யாலும் நியூமெரிக்கல் அபர்ச்சராலும் (இழை எவ்வளவு அகன்ற கோணத்தில் வரும் ஒளியை ஏற்கும் என்பதைக் காட்டும் எண்) பெருக்கி, அலைநீளத்தால் வகுத்தால் கிடைப்பது வி எண், அது 2.405-க்குக் கீழே இருந்தால் இழை ஒற்றை மோடு இழை. நியூமெரிக்கல் அபர்ச்சர் 0.06, அலைநீளம் 1.064 மைக்ரான் என்று கொண்டால், உள்ளகம் சுமார் 13.6 மைக்ரானுக்கு மேல் போகக் கூடாது. 20 மைக்ரான் உள்ளகத்துக்கு வி எண் ஏறத்தாழ 3.5 ஆகிவிடும். இத்தகைய இழையை ஒற்றை மோடு போல நடந்துகொள்ளச் செய்வதற்கு 2000ஆம் ஆண்டில் கோப்லோ, கிளைனர், கோல்ட்பர்க் ஆகியோர் காட்டிய வழி வியப்பூட்டும் அளவுக்கு எளியது: இழையைக் குறிப்பிட்ட ஆரத்தில் சுருட்டினால் உயர் மோடுகள் வளைவில் கசிந்து வெளியேறிவிடும், அடிப்படை மோடு மட்டும் ஏறக்குறைய இழப்பின்றித் தொடரும். உள்ளகம் மேலும் பெரிதானால் இந்த உத்தி சிரமப்படும், ஏனெனில் வளைவு அடிப்படை மோடையே நசுக்கத் தொடங்கும்.

அதற்கும் மேலே ஒரு தடை இருக்கிறது; 2011இல் ஜெர்மனியின் யேனா நகர ஆய்வாளர்கள் அதை விரிவாகப் பதிவு செய்தார்கள். திறன் ஒரு வாசலைத் தாண்டியதும், அதுவரை சீராக இருந்த கற்றை திடீரென்று, நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை என்ற வேகத்தில், வடிவம் மாறி ஆடத் தொடங்குகிறது. மொத்தத் திறன் பெரிதாகக் குறைவதில்லை, தரம் மட்டும் சரிகிறது. காரணம் வெப்பம். 976 நானோமீட்டர் ஒளியை ஊட்டி 1,070 நானோமீட்டர் ஒளியைப் பெறும்போது, ஒவ்வொரு ஃபோட்டானின் ஆற்றலிலும் சுமார் 9 விழுக்காடு கண்ணாடியில் வெப்பமாகத் தங்குகிறது. இரு மோடுகள் குறுக்கிட்டு உண்டாக்கும் ஒளிப்பட்டைகளை ஒட்டி அந்த வெப்பம் ஏறி இறங்க, ஒளிவிலகல் எண்ணும் அதே ஒழுங்கில் மாறி, அடிப்படை மோடிலிருந்து உயர் மோடுக்கு ஆற்றலைக் கடத்தும் கீற்றணியாக (ஒளியைத் திசைமாற்றும் வரி அமைப்பாக) ஆகிவிடுகிறது. 1,018 நானோமீட்டரில் ஊட்டினால் வெப்பம் ஏறத்தாழ 5 விழுக்காடாகக் குறையும். உள்ளகத்தின் நடுப்பகுதியில் மட்டும் இட்டர்பியத்தைக் கலந்தால் உயர் மோடுகளுக்குப் பெருக்கம் குறையும். எதிர்த்திசையிலிருந்து ஊட்டுவதும் பலன் தரும். இவற்றுள் எதுவும் முழுத் தீர்வாகிவிடவில்லை என்பதால்தான் இந்தச் சிக்கலைப் படித்தவர்களுக்குத் தேவை இருக்கிறது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லா வேலைக்கும் எம்-ஸ்கொயர் 1 தேவையில்லை. தங்கள் பட்டறையில் கனமான தகட்டை வெட்டும்போது வெட்டுத்தடம் சற்று அகலமாக இருந்தால்தான் உருகிய உலோகத்தை வாயு கீழே தள்ளிவிடும். இல்லையென்றால் அடியில் பர் எனப்படும் உலோகப் பிசிர் ஒட்டிக்கொள்ளும். தொலைவிலுள்ள இலக்குக்கு ஒளியைச் செலுத்தும் பாதுகாப்புத் துறைக்கோ நல்ல கற்றைதான் உயிர். 2025 ஏப்ரலில் ஆந்திரத்தின் கர்னூலில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. லேசர் ஆயுதம் ஒன்றைச் செயல்படுத்திக் காட்டியதைத் தாங்கள் செய்தியில் பார்த்திருக்கலாம். அதற்குப் பின்னால் இருந்த ஹைதராபாத் ஆய்வகம் போன்றவையும், இந்தூரின் ராஜா ராமண்ணா மையமும், சிறப்பு இழைகளை உருவாக்கும் கொல்கத்தாவின் மத்தியக் கண்ணாடி பீங்கான் ஆய்வகமும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் மகளின் கண்ணில் இருக்க வேண்டிய இடங்கள்.

படிப்புக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. கொச்சிப் பல்கலைக்கழகத்தில் 1995இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு ஃபோட்டானிக்ஸ் (ஒளித் தொழில்நுட்ப) பள்ளி ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. நடத்துகிறது, அதற்குப் பல்கலைக்கழகத்தின் நுழைவுத்தேர்வு உண்டு. பி.எஸ்சி. இயற்பியலை அருகிலேயே முடித்து, எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் என்ற தேசிய நுழைவுத்தேர்வை எழுதி ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வது இன்னொரு வழி. என் விருப்பம் இரண்டாவதே. பதினேழு வயதில் ஃபோட்டானிக்ஸ் என்று முத்திரை குத்திக்கொள்வதைவிட, மின்காந்தவியலையும் வெப்பக் கடத்தலையும் கணினியில் கணக்கிடும் முறைகளையும் ஆழமாகக் கற்ற மாணவிக்குப் பின்னால் மனம் மாறினாலும் வழி அடைபடாது. எம்.டெக். என்றால் திருவனந்தபுரத்தின் விண்வெளிக் கல்வி நிறுவனமான ஐ.ஐ.எஸ்.டி.யில் ஒளியியல் பொறியியல் இருக்கிறது, கேட் தேர்வு வழியாக.

காலத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். முதுநிலை முடிய 23 வயது ஆகும். ஆய்வாளராக நிற்க வேண்டுமென்றால் முனைவர் பட்டம் வேண்டும், அதற்கு மேலும் ஐந்தாறு ஆண்டுகள். அந்தக் காலம் முழுவதும் வீட்டுப் பணத்தில் ஓடுவதில்லை: கேட் வழியே எம்.டெக். சேர்வோருக்கு மாதம் 12,400 ரூபாயும், ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு நல்கை பெறுவோருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும் உதவித்தொகை உண்டு. ஆகவே கடன் என்று யோசிப்பதானால் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் கணக்குப் போடுங்கள். மகள் இருபத்திரண்டு வயதில் சம்பளம் கொண்டுவந்தே ஆக வேண்டிய நிலையில் குடும்பம் இருந்தால், அதை இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள். மின்னணுப் பொறியியல் படித்து, கோயம்புத்தூரில் லேசர் இயந்திரங்களை நிறுவிப் பராமரிக்கும் பணியில் சேர்வதும் இத்துறைக்குள் நுழையும் மதிப்பான வாசல்தான், ஆனால் அங்கிருந்து ஆய்வுக்குத் திரும்புவது கடினம்.

மொழியைப் பொறுத்தவரை, முதல் ஆண்டு பாடநூல் ஆங்கிலம் அவருக்குச் சுமையாக இருக்கும், மறுக்கவில்லை. கணிதம் உறுதியாக இருக்கும் மாணவர்கள் அந்தச் சுமையை இறக்கிவிடுகிறார்கள். எனவே கணினிப் பொறியியல் இடத்துக்கான கட்டணத்தின் கடைசி நாளுக்குள், மேலே சொன்ன கணக்கையும் 976-க்குப் பதிலாக 915 நானோமீட்டரில் ஊட்டினால் வெப்பம் எவ்வளவு என்பதையும் யார் உதவியும் இன்றி அவர் போட்டுப் பார்க்கட்டும். விடை தவறினால் பரவாயில்லை. விடையைத் தேடி மறுநாளும் அவர் நோட்டோடு உட்கார்ந்தாரா என்பதைக் கவனித்து, அதன் பிறகு அந்த இடத்தை விடுவதா வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யுங்கள்.