மாமாவின் காசும் முதல் அல்பமும்

கேள்வி: நாங்கள் நாலு பேர் கிளிநொச்சியில் ஆல்ட்டர்னேட்டிவ் றொக் இசைக்குழு வைத்திருக்கிறோம். சொந்தப் பாட்டுகள் கையில் இருக்கின்றன. முதல் அல்பத்தைக் கொழும்பில் பெரிய ஸ்டூடியோவில் பதிவு செய்ய லண்டன் மாமா காசு தருவதாகச் சொல்கிறார். ஆனால் பாதிப் பாட்டாவது சினிமா மெட்டில் இருக்க வேண்டுமாம். ஒப்புக்கொள்ளலாமா?
- வாசகர், கிளிநொச்சி

பதில்: ஒப்புக்கொள்ளாதீர்கள் தம்பி. காசை வாங்குங்கள், நிபந்தனையை வாங்காதீர்கள். இரண்டையும் சேர்த்துத்தான் தருவேன் என்றால் இரண்டையும் விட்டுவிடுங்கள்.

நிர்வாணா குழுவின் முதல் அல்பம் ‘பிளீச்’ உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1989இல் வந்தது. அமெரிக்காவில் அபர்டீன் என்ற மரம் வெட்டும் ஊரில் முளைத்த குழு அது. சில வாரம் ஒத்திகை பார்த்துவிட்டு, சியாற்றில் நகரத்தின் சின்ன ஸ்டூடியோ ஒன்றில் ஜாக் என்டினோ என்ற ஒலிப்பதிவாளரிடம் ஏறக்குறைய 30 மணித்தியாலத்தில் பதிவை முடித்துவிட்டார்கள். செலவு 606 டொலர் 17 சதம். 600 டொலருக்குப் பதிவானது என்று அல்பத்தின் அட்டையிலேயே போட்டிருந்தார்கள்.

அந்தக் காசைக் கொடுத்தவர் ஜேசன் எவர்மன். அட்டையில் கிட்டார் கலைஞர் என்று அவர் பெயர் இருக்கிறது, படமும் இருக்கிறது. அல்பத்தில் அவர் வாசித்தது ஒன்றுமில்லை. உங்கள் மாமாவுக்கும் அந்த மரியாதையைத் தாராளமாகக் கொடுங்கள். பெயரைப் பெரிய எழுத்தில் போடுங்கள். மெட்டில் மட்டும் கைவைக்க விடாதீர்கள்.

ஏனென்றால் அந்த அல்பத்துக்கும் ஒரு நிபந்தனை இருந்தது, வாயால் சொல்லாத நிபந்தனை. வெளியிட்ட சப் பொப் கம்பனிக்குப் பாரமான, முரட்டு ஓசைதான் வேண்டும். அதற்காகத் தன் மெல்லிசைப் பக்கத்தை அடக்க வேண்டியிருந்தது என்று குழுவின் பாடகர் கேர்ட் கோபேன் பின்னர் குறைப்பட்டுக்கொண்டார். ‘அபவுட் எ கேர்ள்’ என்ற ஒரு பாட்டு மட்டும் அந்த அடக்குதலுக்கு அகப்படாமல் உள்ளே வந்தது. நாலு வருடம் கழித்து, 1993இல், எம்டிவி தொலைக்காட்சியின் ‘அன்பிளக்ட்’ இசை நிகழ்ச்சி மேடையில் அவர்கள் முதலில் எடுத்த பாட்டு அதுதான்! கம்பனியின் விருப்பத்துக்கு ஒத்துப்போகாத பாட்டுத்தான் நின்று பிடித்தது. உங்கள் பாட்டுகளில் எது அப்படி நிற்கும் என்று லண்டனில் இருந்து யாரும் சொல்ல முடியாது.

றொக் எல்லாம் வன்னிக்கு ஒத்துவராது என்று யாராவது சொன்னால் அதைப் பெரிதாக எடுக்காதீர்கள். முல்லைத்தீவில் கோவலன் கூத்தை விடிய விடியக் கேட்ட சனம் இது, பறைச் சத்தத்தோடு வளர்ந்த காது.

சரி, ஸ்டூடியோவுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கோயில் திருவிழாவில் வாசிக்கிற இசைக்கோஷ்டிக்காரரைப் பிடியுங்கள். பாடகர் தேத்தண்ணி குடிக்க இறங்குகிற நேரத்தில் ஒரு பாட்டுக்கு மேடை கேளுங்கள். உங்கள் மிகச் சிறந்த பாட்டை, ஒரு சினிமா வரியும் கலக்காமல், முழுதாக வாசியுங்கள். முன்வரிசையைப் பார்க்க வேண்டாம், அங்கே இருப்பது உங்கள் சொந்தக்காரர். கச்சான் கடைப் பக்கம் நிற்கிற பெடியள் திரும்பிப் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். திரும்பாவிட்டால் அந்தப் பாட்டில் இன்னும் வேலை கிடக்கிறது. கொழும்பு ஸ்டூடியோ அதைத் திருத்தித் தராது.

அப்புறம் நாலு பேரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் வாசித்துப் பதியுங்கள். அதற்குக் கிளிநொச்சியில் ஒரு நல்ல அறையும் இரண்டு மூன்று மைக்கும் போதும். முடிந்ததும் எங்களுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். நன்றாக இருந்தால் இதே பக்கத்தில் எழுதுகிறோம், இல்லாவிட்டால் அதையும் எழுதுகிறோம்.