உள்ளே பேசுவது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

காலை எட்டரைக்கு வேலையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரவு ஏழாகிவிடுகிறது. தினமும் கொஞ்ச நேரம் அமைதியாக உட்கார்ந்தால் எனக்கான பதில் எனக்குள்ளேயே கிடைக்கும் என்று பலரும் சொன்னதால், மூன்று மாதமாகக் காலையில் இருபது நிமிடம் கண்ணை மூடி உட்கார்கிறேன். வருவதெல்லாம் அனுப்பாத மெயிலும், நேற்று மீட்டிங்கில் மேனேஜர் சொன்ன வார்த்தையும்தான். சில நாள் தூங்கியே விடுகிறேன். இதற்கிடையில் எனக்குப் பதவி உயர்வோடு ஒரு புதிய பொறுப்பு தருவதாகச் சொல்கிறார்கள். ஒருநாள் ‘ஏற்றுக்கொள்’ என்று உள்ளே தோன்றுகிறது. மறுநாள் ‘வேண்டவே வேண்டாம்’ என்கிறது. இதில் எது என் உண்மையான குரல்?

கே.

அன்புள்ள கே.,

உட்கார்ந்ததும் மெயில் நினைவுக்கு வருவதில் தவறேதும் இல்லை. பாதியில் நிற்கும் வேலையை மனம் விடாமல் நச்சரிக்கும். அந்த நச்சரிப்பு அடங்க வேலை முடிந்தாக வேண்டும் என்றுதான் நினைக்கிறோம். அப்படியல்ல, எப்போது எப்படி முடிக்கப்போகிறோம் என்ற திட்டம் இருந்தாலே அது பெருமளவு அடங்குகிறது என்பதை மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட சோதனைகளில் காட்டினார்கள்.

எனவே உங்கள் காலைப் பயிற்சி முந்தைய நாள் மாலையே தொடங்க வேண்டும். வேலையிடத்தை விட்டு எழுவதற்கு முன் ஒரு தாளில் நான்கு நிமிடம் எழுதுங்கள். முடியாமல் கிடக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. ‘பட்ஜெட்’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை, அது இரவெல்லாம் கூடவே வரும். ‘பட்ஜெட்: செவ்வாய் பதினொரு மணிக்கு இரண்டாம் பக்கக் கணக்கைச் சரிபார்த்து அனுப்புவது’ என்று எழுதினால் மனம் அதைக் கீழே வைத்துவிடும். என்ன செய்வது, எப்போது செய்வது, இரண்டும் அந்த வரியில் இருக்க வேண்டும். அந்தத் தாளை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

அடுத்து, இருபது நிமிடம். தொடக்கத்தில் அது மிக அதிகம். சும்மா இருப்பது மனிதருக்கு எவ்வளவு கடினம் என்பதற்கு 2014-இல் உளவியலாளர் டிமோதி வில்சனும் குழுவினரும் வெளியிட்ட ஒரு சோதனையைச் சொல்லலாம். ஆட்களைத் தனியறையில் 15 நிமிடம் தங்கள் எண்ணங்களோடு மட்டும் இருக்கச் சொன்னார்கள். அறையில் ஒரு பொத்தான் இருந்தது, அழுத்தினால் லேசான மின் அதிர்ச்சி. அதை ஏற்கெனவே ஒருமுறை பட்டுப்பார்த்து, ‘காசு கொடுத்தாவது இதைத் தவிர்ப்பேன்’ என்று சொன்ன 42 பேரில் 18 பேர் தாங்களாகவே அதை அழுத்திக்கொண்டார்கள். மூன்று மாதம் விடாமல் உட்கார்ந்த உங்களை நினைத்தால் எனக்கு மதிப்புதான் வருகிறது. ஆனால் இனி எட்டு நிமிடம் போதும்.

அந்த எட்டில் முதல் இரண்டு நிமிடம் மூச்சுக்கு. நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். மூச்சு வெளியேறும்போது இதயத்துடிப்பு சற்றுக் குறைவது உடலின் இயல்பு. அதனால்தான் வெளிமூச்சு நீளமாக இருக்க வேண்டும். மூச்சை அடக்கி வைக்க வேண்டாம், தலைசுற்றினால் நிறுத்திவிடுங்கள். கண் பாதி திறந்திருக்கட்டும், முதுகைச் சாய்க்காதீர்கள். இத்தனைக்குப் பிறகும் தூக்கம் வந்தால் உடல் தூக்கம் கேட்கிறது என்று பொருள். அன்று தூங்குங்கள். தூக்கக் கடனைத் தியானத்தால் அடைக்க முடியாது. செல்போன் அடுத்த அறையில் இருக்க வேண்டும். கவிழ்த்து வைத்தாலும் கை அதைத் தேடும்.

மீதி ஆறு நிமிடம்தான் சாரம். ஒரே ஒரு கேள்வியோடு உட்கார்ந்து, தோன்றுவதைக் கையால் எழுதுங்கள். எழுதாமல் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். காரணம், உள்ளே இருக்கும் குரல் எந்தக் கேள்விக்கும் தயங்காமல் விளக்கம் தரும், அந்த விளக்கம் சரியாகத்தான் இருக்கும் என்பதில்லை. அதே வில்சன், 1977-இல் ரிச்சர்ட் நிஸ்பெட்டுடன் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. நான்கு ஜோடி காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று கேட்டார்கள். நான்கும் அச்சு அசலாக ஒன்றேதான். ஆனாலும் மற்ற எதையும்விட வலது ஓரத்தில் இருந்ததையே அதிகம் பேர் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு ஒருவர்கூட அது இருந்த இடத்தைக் காரணமாகச் சொல்லவில்லை.

இதனால்தான் கேள்வியை ‘ஏன்’ என்று தொடங்காதீர்கள் என்கிறேன். ‘ஏன் என்னால் முடிவெடுக்க முடியவில்லை?’ என்று கேட்டால் மனம் உங்கள் மேல் குற்றப்பத்திரிகை படிக்கும். ‘ஏற்கவா, வேண்டாமா?’ என்ற கேள்வியும் உதவாது. அதற்கு வரும் பதில் முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதைப் பொறுத்தே மாறும். இப்படிக் கேளுங்கள்: ‘அந்தப் பொறுப்பில் ஒரு சாதாரணப் புதன்கிழமை எப்படிப் போகும்?’ காலை பத்து மணிக்கு யாரோடு பேசிக்கொண்டிருப்பீர்கள்? இப்போது கையால் செய்யும் எந்த வேலையை அன்று செய்யமாட்டீர்கள்? எழுதும்போது எந்த வரியில் தாடை இறுகியது, எந்த வரியில் பேனா வேகமெடுத்தது என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நான்கைந்து நாளுக்கு அதே புதன்கிழமையை மறுபடி எழுதலாம். ஒவ்வொரு முறையும் ஏதாவது புதிதாகத் தட்டுப்படும்.

எழுத்து நகரவில்லையென்றால் உங்கள் பெயரைச் சொல்லி அழைத்து, அடுத்தவரிடம் பேசுவதுபோல எழுதிப்பாருங்கள். ‘நான்’ என்று எழுதும்போது உள்ள பதற்றம் அதில் குறைகிறது. ‘நெஞ்சே’ என்று தன் மனத்தைத் தானே விளித்துப் பேசுவது தமிழுக்குப் பழைய பழக்கம்தானே.

ஒவ்வொரு பதிவின் தலைப்பிலும் நாள், நேரம், முந்தைய இரவு தூங்கிய மணி, சற்று முன் நடந்த ஏதாவது முக்கியமான விஷயம் ஆகியவற்றை எழுதுங்கள். அன்றே திருப்பிப் படிக்க வேண்டாம். பத்துப் பதிவு சேர்ந்த பிறகு ஒரே மூச்சில் படியுங்கள். ‘வேண்டவே வேண்டாம்’ எல்லாம் ஐந்து மணி நேரம் தூங்கிய நாட்களிலேயே வந்திருந்தால் அது களைப்பின் குரல். ‘ஏற்றுக்கொள்’ எல்லாம் யாரோ பாராட்டிய நாட்களில் வந்திருந்தால் அதையும் அப்படியே நம்பாதீர்கள். நன்றாகத் தூங்கிய நாளிலும் திட்டு வாங்கிய நாளிலும் மாறாமல் நிற்பது ஏதாவது இருக்கிறதா? நீங்கள் கேட்ட ‘என் குரல்’ என்பதற்கு அதைவிட நெருக்கமான ஒன்று எனக்குத் தெரியவில்லை.

பயம் பேசுவதை ஓரளவு அடையாளம் காணலாம். அது அவசரப்படுத்தும், ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’ என்று பேசும், மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்பதிலேயே சுற்றும். அதற்காக அதை விரட்டிவிடாதீர்கள், பயம் சில சமயம் சரியாகவே சொல்லும். ‘எதைப் பற்றி, குறிப்பாகச் சொல்’ என்று கேளுங்கள். ‘ஆள் பற்றாது’ என்று பதில் வந்தால் அது கண்ணை மூடித் தேட வேண்டிய விஷயமே அல்ல. குழுவில் எத்தனை பேர், முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம், விடுப்பு எப்படி என்பதையெல்லாம் மேனேஜரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள். பாதிக் குழப்பம் தகவல் இல்லாததால் வருவது.

ஒரே வாக்கியம் மூன்றாம் முறை தாளில் வந்தால் நோட்டை மூடிவிட்டு நடக்கப் போங்கள். அதற்கு மேல் அது வெறும் செக்குமாட்டுச் சுற்று. உட்கார உட்கார மனம் கனத்துக்கொண்டே போய், தூக்கமும் பசியும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

பதில் சொல்ல உங்களுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று எழுதவில்லை. அதை நாளையே கேட்டுவிடுங்கள். இரண்டு வாரம் கிடைத்தால் பத்துப் பதிவுக்குத் தாராளம். ஒரு வாரம்தான் என்றால் காலையும் மாலையுமாக எழுதுங்கள், ஆனால் இரவு பத்துக்கு மேல் எழுதியதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்