ஜொகூருக்குப் போவது இருக்கட்டும், திரும்பி வருவதை முதலில் பாருங்கள்

சிங்கப்பூரில் எஸ் பாஸ் என்னும் வேலை அனுமதியில் வேலை பார்க்கும் மலேசியர் ஒருவர் கேட்டிருக்கிறார்:

"மனைவி, 13 வயது மகள், 8 வயது மகன் மூவரும் சிங்கப்பூர் நிரந்தரவாசிகள். நாங்கள் நால்வருமே மலேசியப் பாஸ்போர்ட்காரர்கள். எனக்கும் மனைவிக்கும் மகளுக்கும் சிங்கப்பூரிலேயே கோவிட் தடுப்பூசி போட்டாகிவிட்டது, மகனுக்கு இன்னும் போடவில்லை. எங்களோடு இருக்கும் மாமியாருக்கு வயது 70. அவரும் நிரந்தரவாசிதான், உடல்நிலை காரணமாக ஊசி போட்டுக்கொள்ளவில்லை. என் அம்மா ஜொகூரில் இருக்கும் கூலாயில் தனியாக இருக்கிறார். சென்ற ஆண்டு அப்பா தவறியபோது அனுமதிக்கு அலைந்து, அது கிடைப்பதற்குள் காரியமே முடிந்துவிட்டது. இந்தச் சித்திரைப் புத்தாண்டுக்காவது எல்லோரும் அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும். மைத்துனர் சிங்கப்பூர்க் குடிமகன், அவருடைய காரில் போகலாம் என்று நினைக்கிறோம். வாட்ஸ்அப்பில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். யாருக்குப் பரிசோதனை வேண்டும், யாரைக் கூட்டிப் போகலாம்?"

இந்தப் பதில் 2022 ஏப்ரல் முதல் வார நிலவரப்படி எழுதியது, இதிலுள்ள கோவிட், பயண விதிகள் அந்த வாரத்துக்கு உரியவை.

முதலில், அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனதற்கு என் ஆழ்ந்த அனுதாபம். 2020 மார்ச் 18 அன்று மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையைக் கொண்டுவந்து எல்லையை மூடியபோது, இரு நாடுகளையும் இணைக்கும், ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள காஸ்வே பாலத்தின் இரு பக்கமும் குடும்பங்கள் மாட்டிக்கொண்டன. இறப்புக்கும் கடும் நோய்க்கும் அவசரப் பயணம் செய்ய இரு நாடுகளும் சேர்ந்து ஓர் ஏற்பாட்டைத் தொடங்கவே 2021 மே ஆகிவிட்டது. அதிலும் விண்ணப்பம், பரிசோதனை, இரு பக்க ஒப்புதல் என்று நேரம் ஓடியது. காரியம் நமக்காகக் காத்திருக்காது. உங்களைப் போலவே எத்தனையோ பேர் கைபேசித் திரையில்தான் தகனத்தைப் பார்த்தார்கள். இப்போது நீங்கள் அம்மாவிடம் போக நினைப்பது வெறும் விடுமுறைப் பயணம் இல்லை என்று புரிகிறது. அதனால்தான் ஒவ்வொருவரையும் தனித்தனியாக எடுத்துச் சொல்கிறேன்.

வாட்ஸ்அப் குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 17 முதல் நடந்த ஏற்பாட்டில், வேலை செய்யும் நாட்டில் குறைந்தது 90 நாள் இருந்த பிறகே ஊருக்குப் போய்வர முடிந்தது. 2021 நவம்பர் 29 அன்று தடுப்பூசி போட்டவர்களுக்கான தரைவழிப் பயணத்தடம் வந்தது. நாளொன்றுக்கு ஒரு திசையில் 1,440 பேர், குறிப்பிட்ட பேருந்துகளில் மட்டும், பரிசோதனைக்குமேல் பரிசோதனை. ஓமிக்ரான் வந்ததும் டிசம்பர் கடைசியில் டிக்கெட் விற்பனையை நிறுத்தினார்கள், ஜனவரியில் பாதி இடங்களோடு மறுபடி திறந்தார்கள். பிறகு ஏப்ரல் 1 அன்று அந்தத் தடமே போய், தரைவழி எல்லை முழுதாகத் திறந்துவிட்டது. ஆக, உங்களுக்கு வரும் செய்திகளில் பல ஒரு காலத்தில் சரியாக இருந்தவைதான், இன்றைக்குச் செல்லாது. தேதி போடாத செய்தி எதுவானாலும் அதை நம்பி இறங்காதீர்கள்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். வெளியேறும்போது பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை, உள்ளே நுழையும்போதுதான் கேள்வி வரும். போகும்போது மலேசியாவின் விதி, திரும்பும்போது சிங்கப்பூரின் விதி. இரண்டும் குடும்பத்துக்கு மொத்தமாகப் பொருந்துவதில்லை, ஆளுக்கு ஆள் மாறும். அப்பாவுக்கு வழி இருக்கிறது என்பதால் பிள்ளைக்கும் இருக்கும் என்று எண்ணி அக்கரைக்குப் போய் மாட்டிக்கொண்டால், வேலையும் பள்ளியும் கெட்டுவிடும். அதனால் ஒவ்வொருவரும் சிங்கப்பூருக்குள் எப்படித் திரும்புவார் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள், அப்புறம் போவதைப் பற்றி யோசிக்கலாம்.

சரி, உங்களிடமிருந்தே தொடங்குகிறேன். முழுமையாகத் தடுப்பூசி போட்டிருப்பதால், தரைவழியாகப் போகவும் வரவும் பரிசோதனை வேண்டாம், தனிமைப்படுத்தலும் வேண்டாம். எஸ் பாஸ் வைத்திருப்பவர் திரும்பி வரத் தனியாக நுழைவு அனுமதியும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் இந்த இரண்டு ஆண்டில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தீர்களா? புதுப்பித்திருந்தால் அந்தப் புது எண் மனிதவள அமைச்சின் பதிவில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் எஸ் பாஸ் பழைய பாஸ்போர்ட் எண்ணோடு கட்டுண்டு கிடந்தால், சோதனைச்சாவடி முகப்பில் நீங்கள் நீட்டும் பாஸ்போர்ட்டும் கணினியில் இருக்கும் பதிவும் ஒத்துப்போகாது. எண்ணை மாற்றும் வேலை உங்கள் முதலாளி கணக்கிலிருந்து நடக்க வேண்டியது. ஆகவே நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இன்றைக்கே கேட்டுவிடுங்கள், புறப்படும் நாளான புதன்கிழமை மதியம் போய் நின்றால் வேலை ஆகாது.

மனைவிக்கும் மகளுக்கும் தடுப்பூசி விஷயம் உங்களைப் போலத்தான். அவர்களுக்குப் பார்க்க வேண்டியது மறுநுழைவு அனுமதி. நிரந்தரவாசி வெளிநாட்டில் இருக்கும்போது அது செல்லுபடியாக இல்லையென்றால், ஆபத்து வருவது பயணத்துக்கு அல்ல, நிரந்தரவாசத் தகுதிக்கே. இரண்டு ஆண்டாக எங்கும் போகாததால் பலர் அதன் முடிவுத் தேதியையே மறந்துவிட்டார்கள். குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் இணையச் சேவையில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பிள்ளைகளுடையதையும் சேர்த்தே பாருங்கள், அவர்களின் பாஸ்போர்ட்டையும் எடுத்துப் புரட்டுங்கள். யாருடையதும் காலாவதியாகியிருக்கக் கூடாது. சிறுவர் பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று யாரும் நினைவில் வைப்பதில்லை. ஊசி, பரிசோதனை என்றே கவலைப்பட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் இந்தப் பழைய காகித விஷயத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

மகனைப் பற்றிக் கவலை வேண்டாம். தடுப்பூசி போடாத 12 வயது வரையிலான பிள்ளைகள், தடுப்பூசி போட்ட பெரியவரோடு தரைவழியே போனால் பரிசோதனையும் இல்லை, தனிமையும் இல்லை. இரு நாடுகளும் சேர்ந்து எடுத்த முடிவு அது. மகளுக்கு 13 ஆகிவிட்டதால் அவளுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவள் உங்களைப் போலத் தன் தடுப்பூசிப் பதிவோடுதான் போகிறாள், அதன் சான்றிதழும் அவள் பெயரிலேயே இருக்க வேண்டும்.

மாமியார் விஷயத்தை யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நிரந்தரவாசி என்பதால் திரும்பி வரும் உரிமை அவருக்கு உண்டு, யாரும் வெளியே நிறுத்திவிட மாட்டார்கள். ஆனால் தடுப்பூசி போடாதவர் திரும்பும்போது, புறப்படுவதற்கு இரண்டு நாளுக்குள் எடுத்த பரிசோதனையில் தொற்று இல்லை என்ற முடிவு வேண்டும். வந்த பிறகு ஏழு நாள் வீட்டில் தங்கும் உத்தரவு, அது முடியும்போது ஒரு பிசிஆர் பரிசோதனை. மலேசியாவுக்குள் நுழையும்போதும் தடுப்பூசி போடாதவருக்குத் தனிமை உண்டு. மூன்று நாள் பயணத்தை ஓர் அறைக்குள் கழிக்க 70 வயதுக்காரரைக் கூட்டிப் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதைவிட முக்கியம், தடுப்பூசியின் காப்பு இல்லாத உடம்பு அவருடையது. காஸ்வே திறந்த உற்சாகத்தில் கூட்டம் அலைமோதும் சோதனைச்சாவடிக் கூடத்தில் அவரை நிறுத்தாதீர்கள். மைத்துனர் வீட்டில் யாராவது இருந்தால், அந்த மூன்று நாளும் அவர் அங்கே இருக்கட்டும். சம்பந்திகள் இருவரையும் சந்திக்க வைக்கும் ஆசை இருந்தால், உங்கள் அம்மா தடுப்பூசி போட்டவராக இருக்கும் பட்சத்தில், அவரைப் பிறகு ஒருநாள் இங்கே அழைத்து வருவதுதான் சுலபமான வழி.

இனி மலேசியப் பக்கத்துக்கு வேண்டிய தயாரிப்பு. மலேசிய அரசின் கோவிட் செயலியான மைசெஜாத்ராவைப் புதுப்பித்து, பயணி பகுதியில் புறப்படுமுன் நிரப்ப வேண்டிய படிவத்தை நிரப்புங்கள். மகனையும் மகளையும் உங்கள் கணக்கிலேயே சார்ந்திருப்போராகச் சேர்க்கலாம். உங்களுக்குச் சிங்கப்பூரில் ஊசி போட்டதால், சான்றிதழைச் சிங்கப்பூர் அரசின் நோட்டரைஸ் தளத்தில் எடுத்து வையுங்கள். கட்டணம் இல்லை, கியூஆர் குறியோடு மின்னஞ்சலுக்கே வந்துவிடும். பெரும்பாலோர் இதைக் கைபேசியிலேயே வைத்துக்கொள்கிறார்கள். நான் காகிதத்திலும் ஒரு நகல் எடுத்து வைக்கச் சொல்வேன். பாலத்தின் நடுவில் சிங்கப்பூர் அலைவரிசை போய் மலேசிய அலைவரிசை வரும் இடைவெளியில் செயலி சுற்றிக்கொண்டே நிற்கும். பின்னால் நூறு வண்டி காத்திருக்கும்போது அது படுத்தும் பாடு சொல்லி மாளாது.

ஜொகூருக்குள் போனதும் இரண்டு பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் மார்ச் 29 முதல் வெளியிடங்களில் முகக்கவசம் கட்டாயமில்லை, மலேசியாவில் இன்னும் கட்டாயம்தான். கடைக்குள் நுழையுமுன் மைசெஜாத்ராவில் ஸ்கேன் செய்வதும் அங்கே தொடர்கிறது. கோயிலுக்குப் போவதாக இருந்தால் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

காரில் போவது நல்ல முடிவு. 160, 170, 950 பேருந்துகள் இன்னும் ஓடவில்லை, எல்லை கடக்கும் டாக்சியும் இல்லை, தெப்ராவ் ரயிலும் இல்லை. உங்கள் ஊர் கூலாய் என்பதால் காஸ்வே உள்ள உட்லண்ட்ஸை விட்டுவிட்டுத் துவாஸ் வழியே போங்கள். இரண்டாவது பாலத்தைத் தாண்டினால் நெடுஞ்சாலை நேரே செனாய் பக்கம் கொண்டுபோய் விடும், அங்கிருந்து கூலாய் கூப்பிடு தூரம். சுங்கக் கட்டணம் கொஞ்சம் கூடத்தான். ஆனால் ஜொகூர் பாரு நகர நெரிசலுக்குள் நுழையவே வேண்டாம். மைத்துனரிடம் சொல்லுங்கள், புறப்படும்போது பெட்ரோல் தொட்டி முக்கால்வாசி நிறைந்திருக்க வேண்டும், கார்க் காப்புறுதி மலேசியாவுக்கும் செல்லுபடியாக வேண்டும். மலேசியச் சாலைக் கட்டணம் செலுத்தும் டச் அண்ட் கோ அட்டை இரண்டு வருடமாக அலமாரியில் கிடந்திருந்தால் செயலிழந்திருக்கலாம். சாலைக் கட்டணம் 20 ரிங்கிட்டை அதில்தான் கழிப்பார்கள், அதனால் இப்போதே சோதித்துவிடச் சொல்லுங்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சித்திரை 1, ஏப்ரல் 14, வியாழக்கிழமை வருகிறது. மறுநாள் புனித வெள்ளி, சிங்கப்பூரில் பொது விடுமுறை. எல்லை திறந்த பிறகு வரும் முதல் நீண்ட வார இறுதி இதுதான், போதாததற்கு நோன்பு மாதம். வியாழன் மாலை புறப்பட்டால் பாலத்திலேயே புத்தாண்டு முடிந்துவிடும். புதன் இரவு பதினொரு மணிக்குமேல் புறப்படுங்கள், அல்லது வியாழன் விடியுமுன். புதன் இரவே போய்ச் சேர்ந்தால் காலையில் கனி பார்க்க, அம்மாவோடு படையல் போட நேரம் இருக்கும். திரும்புவதை ஞாயிறு மாலைக்குத் தள்ளாமல் சனிக்கிழமை காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது ஒவ்வொருவருக்கும் சிங்கப்பூர் வருகை அட்டை வேண்டும். வந்து சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பலாம், இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவும் அரசாங்கத்துடையது அல்ல. வியாழக்கிழமை அம்மா வீட்டில் உட்கார்ந்து நால்வருக்கும் முடித்துவிடுங்கள், மைத்துனரையும் அவருடையதை நிரப்பச் சொல்லுங்கள். ஓர் எச்சரிக்கை: பரிசோதனை வேண்டாம் என்று நான் சொன்னதெல்லாம் தரைவழிக்கு மட்டும். அங்கே போன பிறகு யாராவது கோலாலம்பூர் போய்விட்டு விமானத்தில் திரும்பலாம் என்று ஆசை காட்டினால், புறப்படும் முன் இரண்டு நாளுக்குள் எடுத்த பரிசோதனை முடிவு இல்லாமல் விமானம் ஏற முடியாது.

கிளம்புமுன் வீட்டில் எல்லோருக்கும் வீட்டிலேயே செய்யும் ஏஆர்டி விரைவுப் பரிசோதனை ஒன்றை எடுத்துவிடுங்கள். எந்த விதியும் கேட்கவில்லை, இருந்தாலும் தனியாக இருக்கும் வயதானவரிடம் போகிறீர்கள். யாருக்காவது இரண்டு கோடு வந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள், எல்லை இப்போது திறந்துதான் இருக்கிறது. அங்கே போன பிறகு யாருக்காவது காய்ச்சல் வந்து தொற்று உறுதியானால் உடனே பாலத்தைக் கடக்க முடியாது, மலேசிய விதிப்படி அங்கேயே தனித்திருக்க வேண்டும். அதற்காக ஒரு வாரத்துக்கு வேண்டிய மாத்திரைகளைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்திலும் பிள்ளைகளின் பள்ளியிலும் இப்படி ஒரு தாமதம் நேரலாம் என்று போகும் முன்பே சொல்லி வையுங்கள்.