'போதும்' என்று சொல்லும் மரபணு

கேள்வி: தக்காளியைக் குறுக்கே நறுக்கினால் சிலவற்றில் இரண்டே அறைகள், சிலவற்றில் ஏழெட்டு. உரத்தின் வேலையா இது?

பதில்: உரத்துக்கு இதில் பெரிய பங்கில்லை. கண்ணுக்கே தெரியாத மொட்டாக இருக்கும்போதே அறைக்கணக்கு முடிந்துவிடுகிறது.

தண்டின் நுனியில் குண்டூசித் தலையைவிடச் சிறிய மேடு ஒன்று உண்டு. பாடப்புத்தகத்தில் அதற்கு ஆக்குத்திசு என்று பெயர். இலை, பூ எல்லாம் அங்கிருந்து கிளம்புபவைதான். அதன் உச்சியில் தொடர்ந்து பிரிந்துகொண்டே இருக்கக்கூடிய குருத்துச் செல்கள் சில இருக்கின்றன. அவற்றுக்குச் சற்றுக் கீழே வூஷெல் என்ற மரபணு விழித்திருந்து, 'குருத்தாகவே இருங்கள்' என்று மேலே சேதி அனுப்புகிறது. சேதி பெற்ற செல்கள் சும்மா இருப்பதில்லை. கிளவாட்டா-3 என்ற மரபணுவை முடுக்கி, ஒரு குட்டிப் புரதத் துண்டைக் கீழே அனுப்புகின்றன. 'போதும், அடங்கு' என்பதே அதன் சேதி. வூஷெல் அடங்கினால் குருத்துச் செல்கள் குறைகின்றன. அவை குறைந்தால் 'போதும்' என்ற குரலும் மெலிகிறது. வூஷெல் மறுபடி தலைதூக்குகிறது. மேடு பெருத்தும் போகாமல் வற்றியும் போகாமல் இருப்பது இந்த ஓயாத வாக்குவாதத்தால்தான்.

(வூஷெல் என்றால் ஜெர்மன் மொழியில் பரட்டைத் தலை. அந்த மரபணு பழுதான செடி அப்படித்தான் தாறுமாறாக வளர்ந்தது. மரபணு நன்றாக வேலை செய்யும்போது மரபணுக்காரர்கள் பெயர் வைக்க மாட்டார்கள், அது கெட்டால்தான் கவனிப்பார்கள்.)

இப்போது உங்கள் தக்காளிக்கு வருகிறேன். காட்டுத் தக்காளியில் வழக்கமாக இரண்டே அறைகள்தான். பெரிய பழம் தரும் சில வகைகளில், குரோமோசோமின் ஒரு துண்டு, ஏறக்குறைய 3 லட்சம் டி.என்.ஏ. எழுத்து நீளம், உடைந்து தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. உடைந்த இடம் கிளவாட்டா-3க்குப் பக்கத்தில். மரபணு முழுசாக இருக்கிறது. அதை இயக்கும் பகுதிதான் துண்டாகிவிட்டது. 'போதும்' என்ற குரல் கம்மிப்போக, மேடு அகன்றது, பூவில் பழ அறைகளாக மாறும் சூலிலைகள் கூடின, அறைகள் பெருகின. விதைக்காகப் பெரிய பழத்தையே எடுத்து வைத்த பழைய விவசாயிக்கு இது எதுவும் தெரியாது. ஆனால் அவர் தேர்ந்தெடுத்தது சரியாக இந்தப் பழுதைத்தான்!

கேள்வி: செடிகளுக்குப் புற்றுநோய் வருமா?

பதில்: கட்டி வரும், பரவாது. அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா, காயம் வழியே தன் மரபணுக்களில் சிலவற்றைச் செடியின் குரோமோசோமுக்குள்ளேயே செருகிவிடுகிறது. அவை ஆக்சின், சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஹார்மோன்களைக் கட்டுப்பாடின்றித் தயாரிக்க வைக்கும். செல்கள் கண்மண் தெரியாமல் பிரிந்து, தண்டின் அடியில் கரடுமுரடான கழலையாகிவிடும். ஆனால் ஒவ்வொரு செல்லும் சுவருக்குள் அடைபட்டு அண்டை வீட்டோடு ஒட்டியிருக்கிறது. பெயர்ந்து வேறிடம் போய்க் குடியேற வழியில்லை.

கேள்வி: வெங்காய வேரை எத்தனை முறை நசுக்கிப் பார்த்தும் பிரியும் செல்லே தெரியவில்லை. என் நுண்ணோக்கி சரியில்லையா?

பதில்: நுண்ணோக்கியைத் திட்டாதீர்கள். நுனியிலிருந்து எவ்வளவு வெட்டினீர்கள்? கடைசி 2 மில்லிமீட்டர்தான் வேண்டும். அதற்கு மேலே உள்ள செல்கள் பெரும்பாலும் பிரிவதை நிறுத்தி நீளத் தொடங்கியவை. சைக்ளின் என்ற புரதம் செல்லில் சேர்ந்தால்தான் பிரிவு தொடங்கும். அதைச் சிதைத்தால்தான் பிரிவு முடியும். (1982இல் உயிர்வேதியியலாளர் டிம் ஹன்ட் இதை முதலில் கண்டது கடல்வாழ் உயிரின் முட்டையில்; செடியிலும் அதே குடும்பம்தான்.) நுனியிலும் பெரும்பாலான செல்கள் பிரிவுக்கான ஆயத்தத்திலேயே இருக்கும். குரோமோசோம் கண்ணில் படும் கட்டம் மிகக் குறுகியது. மாணவனாக இருந்தபோது, கண்ணாடி வில்லையைக் கட்டைவிரலால் ஓங்கி அழுத்தி ஒரு பருவம் முழுக்கக் கூழையே பார்த்தவன் நான். அசிட்டோகார்மின் சாயத்தில் ஊறவிட்டு, லேசாகச் சூடாக்கி, விரலை நேராக ஒரே அழுத்தாக வையுங்கள். 16 குரோமோசோம்கள் எண்ணக் கிடைத்தால் எழுதுங்கள்.